நாலு பிச்சமுத்து, மூணு பொன்னாட

தட்டுல நாலு பொன்னாட இருந்துச்சு, இப்ப மூணுதான் இருக்கு. நம்மாளு கண்ணக் கசக்கிட்டு இன்னொருக்க பாத்தாரு. பச்ச ஒன்னு, செவப்பு ஒன்னு, மயில்கழுத்துக் கலர்ல ஒன்னு, அம்புட்டுத்தான். அந்த மஞ்சளு எங்க? மேடையில வந்து உக்காந்ததுலருந்து அந்தத் தட்டையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு, ஆசையில இல்ல, நாலுல எது நம்ம தோள்ல வந்து விழப்போகுதுங்கற சந்தேகத்துல. சந்தேகப்படுறதுல அவர மிஞ்ச மேலப்பூங்குளத்துல ஆளு கெடையாது. கடையில சட்டினி ஒரு கரண்டி கூட ஊத்துனா ஊசிப்போனதத் தள்ளிவிடுறாய்ங்கன்னு மோந்து பாப்பாரு, ஊத்தலேன்னா நம்மளப் பாத்தா எளக்காரமான்னு மொறப்பாரு. இன்னைக்கி காலையில கல்யாண மண்டபத்துக்குள்ள நொழஞ்சப்ப பொங்கல்ல நெய்யி மெதந்துச்சு. அப்பவே சந்தேகம் முழிச்சுக்கிச்சு. இம்புட்டு நெய்ய ஊத்தி யாரு யாரக் கூப்புட்டு ஒக்கார வைப்பா? இப்ப மஞ்சளக் காணோம். அந்தா, அந்தக் கட்சிக்காரரு தோள்ல கெடக்கு. அவரு பேரு அழைப்பிதழ்ல இல்ல, போஸ்டர்ல இல்ல. வெள்ளையும் சொள்ளையுமா நாலு ஆளோட பக்கத்து ஊருக்குப் போற வழியில எட்டிப் பாத்தாரு, ஊரு நற்பணி மன்றத்துச் செயலாளரு அருணகிரி மேடையவிட்டு எறங்கி ஓடிப்போயி கும்புட்டு, கைக்கு அகப்பட்ட பொன்னாடயப் போத்தி, நடு நாற்காலியில உக்கார வச்சுப்புட்டான். மீதி மூணு. உக்காந்திருக்கற பிச்சமுத்து நாலு பேரு. நாலுல மூணு போனா யாருன்னு கணக்குப் போட பள்ளிக்கூடம் போயிருக்கணுமா என்ன.

பின்னாடி மண்டபத்துச் சொவரு முழுசும் பிளக்ஸு. ஒரே பேரு, நாலு பெருமை, அப்புடின்னு கொட்டை எழுத்து, அதுக்குக் கீழ நாலு தலை. மொத தலை எலும்பு டாக்டர் பிச்சமுத்து, மதுரையில பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டாவது ஜட்ஜு பிச்சமுத்து, ரிட்டேடு ஆயிட்டாரு, இருந்தாலும் உக்காந்திருக்கற வெறப்பப் பாத்தா இன்னைக்கும் ரெண்டு பேர உள்ள போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவாருபோல. மூணாவது கபடி பிச்சமுத்து, எளவட்டம், தொடை ரெண்டும் ஒரலு மாதிரி, நாற்காலி பாவம். நாலாவது நம்மாளு, கெணத்துப் பிச்சமுத்து. மத்த மூணு பேருக்கும் ஸ்டூடியோவுல புடிச்ச படம். நம்மாளுக்கு மட்டும் ஓட்டுக் கார்டுல இருக்குற மூஞ்சிய இழுத்துப் பெருசாக்கி, ஆட்டத் திருடிட்டு அகப்பட்டவன் மாதிரி முழிக்குது. அந்த முழியப் பாத்தே சனம் தள்ளிப் போவும். பாக்கலேன்னாலும் தள்ளித்தான் போவும், அவரு தொழில் அப்புடி. சுத்துப்பட்டுல எந்தக் கெணத்துல, எந்தக் கம்மாயில, எந்தக் குவாரித் தண்ணியில யாரு விழுந்தாலும் மொதல்ல இவரத்தான் தேடி வருவாய்ங்க, அப்பறந்தான் போலீசு. கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு, ஒரு மூச்ச உள்ள இழுத்து, தலகீழா முங்கி, தடவித் தடவித் தூக்கிட்டு வருவாரு. தூக்கிட்டு வந்ததும் ஒரு புது வேட்டிய மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டுக் குடுப்பாய்ங்க. குடுத்ததோட சரி. அதே வீட்டுல கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எதுக்கும் கூப்புட மாட்டாய்ங்க. ரோட்டுல எதுக்க வந்தா செருப்பு அறுந்த மாதிரி குனிஞ்சுக்குவாய்ங்க. அதனால, போன வாரம் அருணகிரி பைக்க வாசல்ல நிப்பாட்டிட்டு "அண்ணே இருக்கீகளா"ன்னு கேட்டப்ப, நம்மாளு பாதிச் சோத்துல எந்திரிச்சு ஆணியில கெடந்த கயித்த எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு "எந்தக் கெணறு"ன்னு கேட்டாரு. "கெணறு இல்லண்ணே, விழா"ங்குறான். விழா எந்தக் கெணத்துக்கிட்டன்னு கேட்டாரு. அருணகிரி சிரிச்சான். அந்தச் சிரிப்பு இன்னைக்கி வரைக்கும் இவருக்குச் செரிக்கல.

மைக்குல அருணகிரி பேசிக்கிட்டே இருக்கான். எலட்ரிக் கட வச்சிருக்கவன், கரண்டு போனாலும் நிப்பாட்ட மாட்டான்போல. "ஒரே பேர் கொண்ட நான்கு மாமனிதர்கள்"ங்குறான், "நம் ஊருக்குப் பெருமை சேர்த்த பிச்சைமுத்து அவர்கள், பிச்சைமுத்து அவர்கள், பிச்சைமுத்து அவர்கள்"ங்குறான். ஒவ்வொருக்க சொல்லறப்பவும் மண்டபத்து மேல கட்டியிருக்கற கொழா ஸ்பீக்கரு அத வாங்கி தெருவுக்கு எறியுது, தெரு வாங்கி கம்மாய்க்கு எறியுது, கம்மாக்கரை திருப்பி எறியுது. நம்மாளுக்கு முதுகுத்தண்டுல எறும்பு ஊருது. இம்புட்டுச் சத்தமா அந்தப் பேரச் சொல்லக்கூடாது. சொல்லவே கூடாது. எந்திரிச்சுப் போயி ஒயரப் புடுங்கிவிடலாமா? மூணாவது வரிசையில மக பூமயிலு உக்காந்திருக்கா. மடியில பச்சப்புள்ள, ஆரஞ்சு டவல்ல சுத்தி, மூஞ்சி மட்டும் தெரியுது. அவ பிளக்ஸப் பாக்குறா, அப்பனப் பாக்குறா, டாக்டரப் பாக்குறா, மறுபடி பிளக்ஸப் பாக்குறா. மூஞ்சியில அப்புடி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சந்தான் இவருக்கு வேணும், அந்த வெளிச்சந்தான் இவருக்கு ஆவாது. இதென்னடா கூத்துன்னா, இன்னைக்கி சாயங்காலம் அந்தப் புள்ளைக்கிப் பேரு வைக்கிறாக. மருமகன் நாகேந்திரன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு, அங்க யாரோ ஒருத்தன் நம்பரக் கூட்டிக் கழிச்சு ஒரு பேரு எழுதிக் குடுத்திருக்கான், ஜிஷ்வந்த்தாம். தும்மல் வந்து பாதியில நின்ன மாதிரி ஒரு பேரு. நம்மாளு மொதத் தடவ கேட்டப்ப சளி புடிச்சிருச்சான்னு கேட்டாரு. அப்பறம் சொன்னாரு, "ஆத்தா, இவனுக்குப் பிச்சமுத்துன்னு வையி." பூமயிலு கையெடுத்துக் கும்புட்டா. "யப்பா, பிச்சங்கற பேர வச்சா பள்ளிக்கூடத்துல புள்ளய நாயி வெரட்டுற மாதிரி வெரட்டுவாய்ங்கப்பா. அந்தப் பேர வச்சு யாருப்பா உருப்பட்டா? ஒன்னய யாராச்சும் வீட்டுக்குள்ள கூப்புட்டு ஒரு வாய்க் காப்பி குடுத்திருக்காகளா?"  ஆனா நம்மாளுக்கு விட மனசில்ல. ஏன்னா இந்தப் புள்ள மூணாவது. மொத ரெண்டும் நிக்கல. ஒன்னு பொறக்கறப்பவே போச்சு, இன்னொன்னு பொறந்து கண்ணு தொறந்து பாத்துட்டு, பாத்தது புடிக்கலபோல, போயிருச்சு. ரெண்டையும் ஆஸ்பத்திரியில துணியில சுத்தி இவரு கையிலதான் குடுத்தாக. வாங்குனப்ப, உள்ள நெசமாவே ஏதாச்சும் இருக்கா, இல்ல வெறுந்துணியக் குடுத்து ஏமாத்துறாய்ங்களான்னு பிரிச்சுப் பாக்கணும்போல இருந்துச்சு இவருக்கு. பிரிக்கல. அந்தச் சந்தேகம் மட்டும் கையிலயே தங்கிப்போச்சு, இப்பவும் டவல்ல சுத்துன புள்ளய யாரு நீட்டுனாலும் மொதல்ல டவல வெலக்கிப் பாத்துட்டுத்தான் வாங்குவாரு.

அந்தப் பேரு சும்மா வச்ச பேரு இல்ல. அவரு ஆத்தாவுக்கு இவருக்கு முன்னாடி ரெண்டு ஆம்பளப் புள்ளைக, ரெண்டுக்கும் ராசா மாதிரி பேரு வச்சா, ரெண்டும் போச்சு. மூணாவதா இவரு விழுந்ததும் ஆத்தா சுதாரிச்சுக்கிட்டா. எருமக்காரன் நம்ம வீட்டு வாசலத் தெரிஞ்சு வச்சிருக்கான், நல்ல பொருளு எங்கயிருக்குன்னு மோப்பம் புடிச்சு வாரான், இந்தத் தடவ அவன ஏமாத்தணும். எமன்னு ஆத்தா வாயில வராது, எருமக்காரந்தான். பொறந்த புள்ளயத் தூக்கிட்டுப்போயி குப்பமேட்டுல போட்டுப் பொரட்டுனா. பக்கத்து வீட்டு பாத்தும்மா, ராவுத்தரு பொஞ்சாதி, அந்தப் பக்கமா வந்தவ மாதிரி வந்து "யாரு புள்ள இது, குப்பையில கெடக்கு"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கேட்டா. "யாருக்குத் தெரியும், வேணும்னா எடுத்துக்க, ஒரு மொறம் தவிடு குடு போதும்"னு ஆத்தா சொன்னா. தவிட்டுக்கு வித்தாச்சு. மூக்குல ஒரு ஓட்டையப் போட்டு, பொட்டப்புள்ள மாதிரி ஒரு செம்புக் கம்பிய மாட்டி, பிச்சமுத்துன்னு பேரு வச்சு, கொஞ்ச நாளு பாத்தும்மா வீட்டுலயே கெடந்துச்சு புள்ள. ஆத்தா வேலைக்காரி மாதிரி பொழக்கடை வழியாப் போயி, "பாத்தும்மா வீட்டுப் புள்ளைக்கிப் பாலு குடுக்க வந்தேன்"னு வானத்தப் பாத்துச் சொல்லிட்டுத்தான் மாராப்ப வெலக்குவாளாம். எருமக்காரன் வந்து பாத்துருப்பான். இது குப்பை, அடுத்த வீட்டுக் குப்பை, பேரப் பாரு, மூக்கப் பாருன்னு போயிட்டான். அன்னைக்கிப் போனவன் இன்னும் திரும்பல. ஆத்தா சாவுற வரைக்கும் இவர ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. நல்லா முங்குற புள்ளைன்னு ஊரே சொல்லறப்ப "எங்க, பாசியில வழுக்கி விழுந்திருப்பான்"னுவா. புதுச் சட்ட போட்டா காலர்ல ஒரு கிழிசலப் போட்டுத்தான் குடுப்பா. ஒன்னயப் பெருசாச் சொல்ற எடத்துல நிக்காதடா, அவன் காது ரொம்பக் கூருன்னு சொல்லியிருக்கா. அந்த நெனப்புதான் கெணத்துக்குள்ளயும் கூட வரும். மேல பாத்தா வானம் ஒரு தட்டு அளவு, அப்பறம் ஒரு காசு அளவு, அப்பறம் அதுவும் இல்ல. காது ரெண்டும் உள்ளுக்கு அமுங்கும். கண்ணு வேலைக்கி ஆவாது, கைதான் பாக்கும். சேறு, கல்லு, செருப்பு, அப்பறம் தலமுடி. அந்த முடி வெரல்ல சுத்துறப்ப பக்கத்துல இன்னொருத்தன் நிக்கிற மாதிரி இருக்கும், தண்ணிக்குள்ள ஒரு வெதுவெதுப்பு, மாட்டு மூச்சு மாதிரி. நம்மாளு மூச்ச இறுக்கிக்கிட்டு மனசுக்குள்ளயே சொல்லுவாரு, பிச்சடா, பிச்ச, ஒன்னுமில்லாதது, போ. போயிரும். எத்தனையோ தடவ போயிருக்கு.

இப்ப இங்க என்னடா நடக்குதுன்னா, அந்த ஒரே பேருல ஒளிஞ்சுக்கிட்ட நாலு பேரையும் ஒன்னாக் கூட்டியாந்து, வரிசையா உக்கார வச்சு, பின்னாடி போட்டாவும் மாட்டி, மைக்குல ஊரு பூராக் கேக்குற மாதிரி கூப்புடுறாய்ங்க. இதவிடத் தெளிவா ஒருத்தனால எருமக்காரனுக்குக் காட்டிக்குடுக்க முடியுமா? அருணகிரி யாரு ஆளு? யாரு சொல்லி இந்த விழாவ வச்சான்? நம்மாளு மண்டபத்து வாசலப் பாத்தாரு. அங்க எரும எதுவும் கட்டியில்ல. கட்சிக்காரரு காருதான் நிக்கிது, கருப்புக் காரு. அந்தக் கட்சிக்காரரும் லேசுப்பட்ட ஆளாத் தெரியல, கூப்புடாம வந்திருக்காரு, போற வழியிலன்னதோட சரி, வாயத் தொறந்து பேச மாட்டேங்குறாரு, வரிசையா ஒவ்வொருத்தரையும் பாத்துத் தலைய மட்டும் ஆட்டுறாரு. இன்னாரு இன்னாருன்னு அடையாளம் பாக்குற மாதிரி. சரி, அப்ப நெசமாவே இந்த நாலு பேரும் நம்ம கேசுதானா? நம்மாளு பைய ஓரக்கண்ணால பக்கத்துல உக்காந்திருக்கற டாக்டரு மூக்கப் பாத்தாரு. வலது பக்கம், நாசிக்கு மேல, கடுகு அளவுக்கு ஒரு குழி. ஆகா. எட்டி ஜட்ஜு மூக்கப் பாத்தாரு. ஜட்ஜு கண்ண மூடி அருணகிரி பேச்சக் கேட்டுக்கிட்டு, அதாவது தூங்கிக்கிட்டு இருந்தாரு. அவரு மூக்குலயும் ஒரு தழும்பு, வயசாகி சுருங்கி, தொப்புளு மாதிரி. கபடிக்காரப் பய மூக்கு மட்டும் வழவழன்னு இருந்துச்சு. சும்மா தாத்தன் பேர வச்சிருப்பாய்ங்க, தவிட்டுக்குப் போகாத பிச்சமுத்து, டூப்ளிகேட்டு. இவன எப்புடி வரிசையில சேத்தாய்ங்க? அதுசரி, அவனுக்கு ஒளியவேண்டிய அவசியமில்ல, அவன் தொடையத் தட்டிக்கிட்டுப் போயி நேராவே எருமக்காரனத் தொட்டுட்டு வருவான்.

அருணகிரி குரல ஏத்துனான். "ஒருவர் ஒடிப்பார், ஒருவர் ஒட்டுவார், ஒருவர் தீர்ப்புச் சொல்வார்"ன்னு கபடிக்காரனையும் டாக்டரையும் ஜட்ஜையும் கையக் காட்டிச் சொல்லிட்டு, கை நம்மாளுக்கிட்ட வந்ததும் வாயி நின்னுபோச்சு. எடுப்பார்னு சொல்லணும். எதன்னு சனம் யோசிக்கும். மங்கள காரியத்துல அதச் சொல்ல முடியுமா? "இன்னொருவர்... நீர்நிலைகளில் சேவை புரிபவர்"னு ஒரு போடு போட்டான். கீழ ரெண்டு பொம்பளைக சிரிச்சாக. நம்மாளுக்குக் கோவம் வரல. அவரு பூமயிலத்தான் பாத்தாரு. அவ சிரிக்கல, புள்ளயத் தூக்கி நிமித்தி மேடையக் காட்டுனா, அந்தா தாத்தா பாருங்குற மாதிரி. காலையில பொங்கலத் தின்னுட்டு கை கழுவுற எடத்துலயே சொல்லிப்புட்டா. "யப்பா, நீ சொன்னது சரிதான். டாக்டரு, ஜட்ஜு எல்லாம் வச்சிருக்க பேருன்னா அது லேசான பேரா? சாயங்காலம் பிச்சமுத்துன்னே வச்சிருவோம், அவருட்டயும் போன்ல சொல்லிட்டேன், பெருமையான பேருதான்னு." இவரு ஈரக்கைய வேட்டியில தொடச்சுக்கிட்டே நின்னாரு. ஜெயிச்சாச்சு. ஜெயிச்சதும் அடுத்த சந்தேகம் வந்துச்சு. பெருமைக்கு வச்சா அது பிச்சையா? டாக்டரு ஆவான், ஜட்ஜு ஆவான்னு ஆசையா, வாய் நெறயக் கூப்புட்டு வச்சா, அது ராசா பேரு மாதிரிதான ஆகிப்போச்சு? எருமக்காரன் முட்டாளா? ஓகோ, இப்ப பிச்சமுத்துன்னாத்தான் நல்ல சரக்கான்னு நேரா வந்து டவல வெலக்கிப் பாக்க மாட்டானா? இந்த மேடையில ஏறுனாத்தான் மக அந்தப் பேர வைப்பா. இந்த மேடையில ஏறுனா அந்தப் பேரு செத்துப்போகும். பேசாம ஜிஷ்வந்த்தாவே விட்டிருக்கலாமோ? அதச் சொல்லிக் கூப்புட எருமக்காரனுக்கு நாக்கு சுளுக்கும், அதுலயாச்சும் கொஞ்சம் காலதாமதம் ஆகும். நெனச்சுக்கிட்டே இருக்கறப்ப புள்ள கீழ வீல்னு ஒரு கத்து கத்துச்சு, இவரு நாற்காலியவிட்டுப் பாதி எந்திரிச்சுட்டாரு. பூமயிலு முதுகுல தட்டுனா, அடங்கிருச்சு. உக்காந்தாரு. நாற்காலிக் காலு ஒன்னு கட்டை, டக்குன்னு ஆடுச்சு.

"அண்ணே"ன்னு காதோரமா ஒரு குரல். டாக்டரு. செண்டு வாசம், பல்லு வெள்ள. இவன் எதுக்கு நம்மகிட்டப் பேசுறான்? எலும்புல ஏதாச்சும் கோளாறத் தூரத்துலயே பாத்துட்டானா? "அண்ணே, உங்களுக்கு முன்னாடி எத்தன?" நம்மாளு திடுக்குன்னு பாத்தாரு. எத்தன பேரத் தூக்குனீங்கன்னு கேக்குறான், எல்லாரும் கேக்குறதுதான், சுவாரசியம். "எண்ணுறதில்லங்கய்யா"ன்னாரு. "அதக் கேக்கலண்ணே. வீட்டுல. உங்களுக்கு முன்னாடி." நம்மாளு அவரு மூக்கப் பாத்தாரு. டாக்டரு ஒரு வெரலால அந்தக் குழிய லேசாத் தொட்டுக் காட்டுனாரு, சனத்துக்கு மூக்கு அரிக்கிற மாதிரித்தான் தெரியும். "ரெண்டுங்கய்யா"ன்னாரு இவரு. "எனக்கு முன்னாடி மூணு. மூணும் அக்கா, ஒன்னும் தங்கல. எங்கம்மா என்னையத் தவிட்டுக்கு வித்தது எண்ணெய்ச் செக்குக்காரரு வீட்டுல. ஆஸ்பத்திரி தொறந்தப்ப அம்மா வரவே இல்லண்ணே. போர்டுல எம்பேர அம்புட்டுப் பெருசாப் போட்டதுக்கு ஒரு மாசம் பேசல." சொல்லிட்டுச் சிரிச்சாரு. சிரிச்ச வாயி சிரிச்சுச்சு, கண்ணு வாசலப் பாத்துச்சு. அப்பத்தான் நம்மாளுக்குப் புரிஞ்சுச்சு, இந்த ஆளும் காலையிலருந்து வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். கூட்டுக் களவாணிய அடையாளம் கண்டுக்கிட்ட மாதிரி ஒரு நிம்மதி, கூடவே ரெண்டு மடங்கு பயம். படிச்ச மனுசனே பயந்தா அப்ப அது நெசந்தான.

மேளக்காரரு கெட்டிமேளம் கொட்டுனாரு. அருணகிரி மைக்க விட்டுட்டு தட்டுக்கிட்ட வந்தான். டாக்டருக்குச் செவப்பு. படம் புடிச்சாய்ங்க. ஜட்ஜுக்குப் பச்ச, அவரு முழிச்சு "ஒத்தி வைக்கிறேன்"ங்குற மாதிரி ஒரு பார்வ பாத்துட்டு மறுபடி மூடிக்கிட்டாரு. கபடிக்காரனுக்கு மயில்கழுத்து, அவன் தோளுக்கு அது துண்டு மாதிரிக் கெடந்துச்சு. தட்டு காலி. காலித் தட்டுல ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் குங்குமமும் கெடந்துச்சு. அருணகிரி தட்டப் பாத்தான், கட்சிக்காரரு தோளப் பாத்தான், அவன் மூஞ்சி வெளுத்துச்சு. கட்சிக்காரரு நம்மாளத் தாண்டிப் போயி மத்த மூணு பேருக்கும் கை குடுத்தாரு. கேமராக்காரரு நம்மாள வெலகச் சொல்லிக் கையக் காட்டுனாரு, மூணு பேரும் ஒன்னா நிக்கிற மாதிரி ஒரு படம் வேணுமாம். இவரு வெலகுனாரு. ஒருத்தரும் இவரப் பாக்கல. நெசமாவே பாக்கல. இவரு நின்ன எடத்துல காத்துதான் நிக்கிது அவங்களுக்கு. மொதல்ல நெஞ்சுல சுருக்குன்னு ஒன்னு, அது மனுசந்தான, வரத்தான் செய்யும். எம்புட்டுத் தூரம் கூப்புட்டு, மகளக் கூட்டிக்கிட்டு வரச்சொல்லி... அந்தச் சுருக்கு நெஞ்சுலருந்து எறங்கி வயித்துக்குப் போறதுக்குள்ள நடுவழியில என்னமோ ஆயிருச்சு. பத்து வெளக்கு எரியுது, எதுக்கக் கேமரா, பின்னாடி எம்மூஞ்சி எட்டடி ஒசரம், மைக்குல பேரு. இத்தனையும் இருந்து ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல. ஆத்தா, நீ செஞ்ச வேல பலிக்குதுடி ஆத்தா. இன்னும் பலிக்குது. நம்மாளு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு.

அருணகிரி ஓடி வந்தான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீக, அந்த ஆளு திடீர்னு வந்துட்டாரு, நான் என்ன பண்ணுறது. கடைக்கி ஆளு அனுப்பியிருக்கேன், இந்தா வந்துரும், அப்புடியே உக்காருங்க." நம்மாளுக்குச் சிரிப்பு நின்னுருச்சு. உக்காந்தா பொன்னாட வந்துரும். கெளம்பணும். அதுக்குள்ள டாக்டரு, நல்ல மனுசன், தன் செவப்புப் பொன்னாடய உருவி ரெண்டு கையிலயும் விரிச்சுக்கிட்டு நேரா இவருகிட்ட வந்தாரு. சனம் கை தட்டத் தொடங்குச்சு. செவப்புத் துணி பெருசாகிக்கிட்டே வருது. நம்மாளு அந்த ரெண்டு மணிக்கட்டையும் புடிச்சுக்கிட்டாரு, தண்ணிக்குள்ள புடிக்கிற புடி. "டாக்டரய்யா, எம் மகளுக்கு இது மூணாவதுங்க. முன்னாடி ரெண்டும் தங்கல. இன்னைக்கி சாயங்காலம் பேரு வைக்கிறோம்." டாக்டரு அப்புடியே நின்னாரு. மூணாவது வரிசையப் பாத்தாரு, ஆரஞ்சு டவலப் பாத்தாரு. பொன்னாடய நாலா மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு, இவருகிட்டப் பேசவே இல்லாத மாதிரி, இவரு அங்க இல்லவே இல்லாத மாதிரி, முதுகத் திருப்பிக்கிட்டு நடந்தாரு. கை தட்டுனவுகளுக்கு ஒன்னும் புரியல, கைத்தட்டல் பாதியில நின்னுச்சு. நம்மாளு படியில எறங்கி மகளுக்குக் கண்ணக் காட்டிட்டு பக்கவாட்டு வாசல் வழியா வெளிய போயிட்டாரு.

மண்டபத்துக்குப் பின்னாடி, சமையக்கட்டத் தாண்டி, எச்சி எலையெல்லாம் கொட்டிக் கெடக்கு. பொங்கலு, சட்டினி, வாடுன சாமந்தி, கசங்குன பேப்பர் கப்பு, ஈ. பூமயிலு பட்டுச்சேலைய ஒரு கையில தூக்கிக்கிட்டு, புள்ளய ஒரு கையில புடிச்சுக்கிட்டு வந்தா, மூக்கு செவந்து கெடக்கு. "நல்லா அசிங்கப்படுத்திட்டாய்ங்கள்ல. நாலு பேர உக்கார வச்சு ஒன்னய மட்டும் விட்டுட்டாய்ங்க. எவனோ வழியில போறவனுக்குப் போடத் தெரியுது. எதுக்குப்பா சிரிக்கிற? வெக்கமா இல்ல? இந்தப் பேரும் வேணாம் ஒன்னும் வேணாம், நான் அவரு சொன்ன பேரையே வைக்கிறேன்." நம்மாளு புள்ளயக் கையில வாங்காம, டவல மட்டும் வெரலால வெலக்கிப் பாத்தாரு. இருந்துச்சு. கொட்டாவி விட்டுச்சு. "ஆமா தாயி, விட்டுட்டாய்ங்க"ன்னாரு. "அம்புட்டு வெளிச்சத்துல, அம்புட்டுப் பேரு மத்தியில, ஒவ்வொருத்தனா எண்ணிக்கிட்டே வந்து, எங்கிட்ட வந்ததும் தாண்டிப் போயிட்டாய்ங்க. கண்ணே தெரியல பாரு."   பூமயிலு அப்பன் மூக்குல இருக்குற அந்த ஓட்டையப் பாத்தா, பொறந்ததுலருந்து பாத்துக்கிட்டு இருக்கற ஓட்டதான், கேட்டுக் கேட்டுப் புளிச்ச குப்பமேட்டுக் கததான், இன்னைக்கித்தான் பாக்குற மாதிரி பாத்தா. புள்ளயப் பாத்தா. பவுடரு பூசி, கன்னத்துல பொட்டு வச்சு, வெள்ளிக் காப்பு போட்டு, புதுச் சட்ட போட்டு, கண்ணு வைக்கிற மாதிரி அம்புட்டு அழகாக் கெடந்துச்சு. ஒரு கையால அந்தக் காப்ப ரெண்டையும் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டா. டவல அவுத்தா. "யப்பா"ன்னா, "அந்தா, அந்த எலைக்கி அங்கிட்டு பூவு கெடக்குல்ல, அங்கன கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்." "சேல பாழாப்போவும் தாயி." "போகட்டும்." குந்த வச்சு உக்காந்து, வாடுன சாமந்தி மேல புள்ளயக் கெடத்துனா. ஒருக்க இங்கிட்டு, ஒருக்க அங்கிட்டு. முதுகுல சட்டினி அப்பிக்கிச்சு, தலையில ஒரு பருக்க. புள்ள அழுவல, எச்சி எலையப் புடிச்சு இழுத்துச்சு. ஈ ஒன்னு மூக்குல உக்காந்துச்சு, அவ வெரட்டல.

உள்ள மைக்கு கரகரன்னுச்சு. கடைக்கிப் போன ஆளு வந்துட்டான்போல. "திரு பிச்சைமுத்து அவர்கள், பிச்சைமுத்து அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்"னு அருணகிரி கூப்புடுறான், கொழா ஸ்பீக்கரு அதக் கம்மாக்கரை வரைக்கும் கொண்டுபோயிக் கொட்டுது. நம்மாளு சொவத்தோட ஒட்டிக்கிட்டாரு. மூச்ச உள்ள இழுத்து நிப்பாட்டிக்கிட்டாரு, பழக்கம். காரு நிப்பாட்டுற எடத்துல இருந்த வாச்மேன், வேத்தூர்க்காரரு, விசில வாயிலருந்து எடுத்துட்டு எட்டிப் பாத்தாரு. குப்பையில ஒரு புள்ள, பக்கத்துல பட்டுச்சேலையோட ஒரு பொம்பள, சொவத்தோரமா ஒரு பெரியாளு. அவருக்கு ஒன்னும் வெளங்கல. "ஏம்மா, பிச்சமுத்துன்னு யாரையோ தேடுறாக, இங்கனயா இருக்காக?" பூமயிலு புள்ளயத் தூக்கி, டவலச் சுத்தாம, அப்புடியே அழுக்கோட இடுப்புல வச்சுக்கிட்டா.

"அப்புடி யாரும் இங்க இல்லண்ணே"ன்னா.